ஓடாவியார் வீட்டுக் கிரியாதா

கலியாணம் முடித்து மண்டூரிலிருந்து வள்ளத்தில் வந்து மட்டக்களப்பு நகரத்தில் இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லடிப் பாலம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. என் கணவருக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர் வேலை. சின்ன உப்போடையில், வாவிக்கு இரண்டு வளவு தள்ளி, ஒரு வாடகை வீடு கிடைத்தது. காலையில் அவர் சைக்கிளில் ஏறிப் போனால் பின்னேரம்தான் திரும்புவார். அதுவரைக்கும் எனக்குத் துணை வேலியோரம் நின்ற முருங்கை மரம்தான்.

வலது பக்க வேலிக்கு அப்பால் ஒரு பறங்கிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் மரவேலை செய்பவர். ஊரெல்லாம் அவரை ஓடாவியார் என்றுதான் அழைத்தது. வாளும் உளியும் ஓயாமல் சத்தமிடும் பட்டறையில் நாற்பது வருடம் நின்று அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அவருடைய மனைவியை எல்லோரும் நோனா என்பார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசியது போர்த்துக்கேயர் விட்டுப் போன பாஷை. எங்களோடு பேசும்போது நல்ல மட்டக்களப்புத் தமிழ்.

வந்த மூன்றாம் நாள் காலை அந்த வளவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "பாய்! பாய்!" என்று அவசரமாக இரண்டு தரம் கூப்பிட்டது. யாருக்கோ மயக்கம் வந்துவிட்டது, படுக்கவைக்கப் பாய் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீதனமாகக் கொண்டுவந்த புதுப் பன்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடி, வேலிக்கு மேலால் நீட்டினேன். மறுபக்கத்தில் நீளப் பாவாடையும் கை வைத்த சட்டையும் போட்ட ஒரு பெண், கையில் கோப்பிக் கோப்பையோடு நின்றாள். பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குந்தியிருந்து சிரித்தாள்.

"என்னகா இது? பாய் எண்டா எங்கட பாசையில அப்பா. அந்த மனிசனுக்குக் காது கேக்காது, அதுதான் கத்துறன்."

அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம் அது. அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயதிருக்கும். நிறமும் முகமும் எங்கள் பக்கத்து ஆட்களைப் போல. பறங்கிச் சாயல் துளியும் இல்லை. ஆனால் அந்தப் பாஷையில் சண்டை பிடிப்பாள், பாட்டுப் பாடுவாள், கோழியைத் துரத்துவாள். எனக்குப் புளியாணம் என்ற புளிக் குழம்பு வைக்கவும், மாவு புளித்ததைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவும், கணவர் கோபத்தோடு வந்தால் முதலில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் அவள்தான் சொல்லித்தந்தாள். அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

அவளை ஊரில் எல்லோரும் சொன்ன பெயர் கிரியாதா. மீன் கொண்டுவரும் மனிதர் என் படலையில் நின்று, "ஓடாவியார் வீட்டுக் கிரியாதா மணலை மீன் வாங்கிற்றா. உனக்கு வேணாமா மனே?" என்பார். அதற்கு என்ன பொருள் என்று கணவரிடம் கேட்டேன். "பறங்கிப் பாசை. வேலைக்காரி எண்டு அர்த்தம்," என்றார். கச்சேரியில் வேலை செய்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் இருந்த விதம் அந்தச் சொல்லுக்குள் முழுதாக அடங்கவில்லை. யேசு பிறந்த நத்தாருக்கு ஓடாவியாரின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் என்ன துணியில் சட்டை தைத்தார்களோ அதே துணியில் அவளுக்கும் தைத்தார்கள். அந்தப் பெண்கள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போகும்வரை மூவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். ஓடாவியாரை அவள் பாய் என்பாள், நோனாவை அம்மா என்ற பொருளில் மாய் என்பாள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் இங்கிலீஷில் பேசித் தகப்பனையே திணறடிக்க, அந்த வீட்டின் பாஷை அவள் வாயில்தான் உயிரோடு இருந்தது. இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், விடியற்காலையில் முதலில் எழும்புவதும் அவள், குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுவதும் அவள். அந்த வீட்டு மேசையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எப்படி அந்த வீட்டுக்கு வந்தாள் என்று ஒரு நாள் அவளே சொன்னாள். அவளுடைய தகப்பன் எங்கிருந்தோ வந்து மரம் அரியும் வேலை செய்தவன். ஓடாவியாரின் பட்டறையில் பெரிய வாளின் ஒரு முனையை ஓடாவியார் பிடிக்க, மறு முனையை அவன் பிடிப்பானாம். எல்லோரும் அவனை வாள்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மாரிக் காய்ச்சலில் ஒரே கிழமைக்குள் அவனும் மனைவியும் போய்விட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளை குடிசை வாசலில் இருந்தது. ஓடாவியார் மரத்தூள் சாக்கில் அதைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம்.

"அண்டைக்கு ராவு மாய் என்னத் தூக்கிக் குளிப்பாட்டினாவாம். குளிப்பாட்டக் குளிப்பாட்ட மரத்தூள் போகவே இல்லையாம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு நத்தாருக்கு ஓடாவியாரின் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் இருந்து, தகப்பன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பத்திரிகையைப் புரட்டினானாம். நோனா அகப்பையோடு வந்து, "மால்கிரியாது!" என்று கத்தியது என் குசினி வரைக்கும் கேட்டது. பிறகு வேலியோரம் அக்காவிடம் கேட்டேன்.

"கிரியாதா எண்டா வேலைக்காரிதானே? அப்ப மகனை ஏன் அப்பிடி ஏசுறா?"

"மால் எண்டா கெட்டது. மால்கிரியாது எண்டா வளப்புச் சரியில்லாதவன்," என்றாள்.

அப்படியானால் கிரியாது என்பதற்கு வளர்க்கப்பட்டவன் என்றல்லவா பொருள் வரவேண்டும்? கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். நான் யோசிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

எங்கள் தெருவுக்குப் பாண் கொண்டுவருபவர் ஒரு கத்தோலிக்கத் தமிழர். சொந்தமாகப் பாண் சுடும் போறணை வைத்திருந்தார். மனைவி இறந்து ஐந்து வருடம், பிள்ளைகள் இல்லை. சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் எல்லோருக்கும் பெட்டிக்குள் கைவிட்டு வந்ததை எடுத்துக் கொடுப்பார். ஓடாவியார் வீட்டுக்கு மட்டும் தடவிப் பார்த்து, மேல் தோல் பொன்னிறமாக முறுகிய பாணாகத் தேடுவார். அது அக்காவுக்குப் பிடித்த பாண் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. ஒரு நாள் அவருடைய தமக்கை என் வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் எப்படி என்று விசாரித்தார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். இரண்டு கிழமையில் பேச்சு முற்றாகியது. ஓடாவியார் எழும்பி நின்று பாண்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அக்கா குசினிக்குள் போய் நின்று அழுதாள். "வெங்காயம்கா, வெங்காயம்," என்றாள். வெங்காயம் எதுவும் அங்கே இருக்கவில்லை.

அவர்களுடைய வேதக் கோயிலில் கலியாண ஓலை எழுதக் கொடுக்க வேண்டும். மூன்று ஞாயிறு பூசையில் இன்னாரை இன்னார் முடிக்கப் போகிறார் என்று சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். தனக்கு வெட்கமாயிருக்கிறது, நீயும் வா என்று அக்கா என்னைக் கூட்டிப்போனாள். அவளும் பாண்காரரின் தமக்கையும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். உள்ளே ஓடாவியாரும், அவருக்குக் காது கேளாததால் துணைக்கு நானும் போனோம். எழுதுகிறவர் கோயில் உபதேசியார்.

"பெண்ணிட தாய் தகப்பன்?" என்று அவர் கேட்டார்.

ஓடாவியார் காதில் கையை வைத்துக் கேட்டு, "வாள்காரன் எண்டு சொல்லுவம். பேர் தெரியா," என்றார்.

"அப்ப உங்களுக்கு அவ என்ன முறை?"

ஓடாவியார் கொஞ்சம் தடுமாறினார். மகள் என்று சொல்ல வாயெடுத்தவர்போல இருந்தது. பெற்ற மகள் இல்லையே, கோயிலில் பொய் சொல்லக்கூடாதே என்று நினைத்திருப்பார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "எங்கட கிரியாதா," என்றார்.

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "கிரியாதா எண்டா வேலைக்காரிதானே, தங்கச்சி?"

நான் தலையை ஆட்டினேன். "ஓம்," என்றேன்.

அந்த ஓம் என்ற ஒரு சொல்லை வாய்க்குள் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமானால் எத்தனையோ முறை எடுத்திருப்பேன். ஓடாவியாருக்கு நாங்கள் பேசியது கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுச் சந்தோஷமாக வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு காலை பூசைக்கு மூவரும் உடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது அக்கா முன்னால் தனியே நடந்து வந்தாள். பத்தடி பின்னால் ஓடாவியாரும் நோனாவும் வந்தார்கள்.  நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு முன்னால், "ஓடாவியார் வீட்டு வேலைக்காரி" என்று வாசித்திருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரம் அக்கா ஒரு பாயும் தலையணையுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

"வேலைக்காரி வேலை முடிச்சு வந்திரிக்கன். படுக்க இடம் தருவியா?"

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, கோயிலில் நடந்ததைச் சொன்னேன். ஓம் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாயை உதறி விரித்தாள்.

"நீ என்னகா செய்வாய்? ஊரே அப்பிடித்தானே சொல்லுது. எனக்கு உன்னில கோவமில்ல. அந்த மனிசன் எழும்பி நிண்டு இல்ல எண்டு சொல்லல்ல. அதுதான் எனக்கு."

"அவருக்குக் கேட்டிருக்காது அக்கா."

"மாய்க்குக் காது கேக்கும்தானே," என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்காரியாகிவிட்டாள். காலையில் என் வீட்டிலிருந்து போய்ப் பின் படலையில் நின்று, "நோனா, கதவத் துறக்கிறீங்களா?" என்று கேட்டாள். கூட்டினாள், சமைத்தாள், துவைத்தாள். ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. ஆனால் பறங்கிப் பாஷையில் ஒரு சொல் பேசவில்லை. ஓடாவியார் வழக்கம்போலக் கோப்பி கேட்டபோது, "தொரைக்குக் கோப்பி மேசையில இரிக்கி," என்றாள். கோப்பிக்குச் சீனி கூடப் போடுகிறார் என்று சண்டைக்கு வரவில்லை, சப்பாத்தைக் கண்ட இடத்தில் கழற்றிவிட்டார் என்று கத்தவில்லை. பின்னேரம், "போயிற்று வாறன் நோனா," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

ஓடாவியாரின் பட்டறையில் சீவுளி சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். யாருக்கோ செய்யவேண்டிய கதவுப் பலகையை நாள் முழுவதும் சீவிச் சீவி, ஒன்றுக்கும் உதவாத அளவுக்கு மெலிய வைத்திருந்தார். அவரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுருள் கிடந்தது.

நோனா வேறு மாதிரி. முதலில் அவவுக்குக் கோபம்தான். நான்காம் நாள், அக்கா மீண்டும் நோனா என்று கூப்பிட்டதும், பொறுக்கமாட்டாமல், "மால்கிரியாதா!" என்று கத்தினா. வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நோனா குசினிப் படியில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தா. அக்கா அவவுக்கு எதிரே விளக்குமாற்றோடு நின்றாள்.

"ஓம். வளப்புச் சரியில்லத்தான்," என்று தமிழிலேயே மெதுவாகச் சொன்னாள். "வளத்தது ஆரு எண்டு சொல்லுங்க."

 நோனா அழ ஆரம்பித்தா.

அன்று பின்னேரமே ஓடாவியார் என் படலைக்கு வந்தார். "புள்ள, நீ படிச்ச பிள்ள. கோயில் சுவாமியாருக்கிட்ட வா. என்னத்த எழுதினாங்க, என்னத்த எழுத வேணும் எண்டு கேப்பம்," என்றார். அவருக்கு நான் செய்ததையும் உரத்துச் சொன்னேன். என் தலையில் கையை வைத்தார். "எனக்குக் காது கேக்காது. உனக்குப் பாசை தெரியாது. ரெண்டு பேரும் குத்தவாளிதான்," என்றார்.

மறுநாள் காலை நால்வரும் சுவாமியாரிடம் போனோம். அக்கா வரமாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன். வந்தாள், ஆனால் எங்களுக்குப் பின்னால், வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். சுவாமியார் தூர தேசத்து வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். கிரியாதா என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"இது என்னுடைய மொழி அல்ல. ஆனால் என்னுடைய மொழிக்குச் சகோதரி," என்றார். "லத்தீனில் படைத்தல் என்பதற்கு ஒரு சொல் உண்டு. நாம் செபத்தில் வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று சொல்லுகிறோமே, அந்தச் சொல். போர்த்துக்கேயர் வாயில் அது பிள்ளை வளர்ப்பதற்கும், கன்று வளர்ப்பதற்கும், கோழி வளர்ப்பதற்கும் ஆகிவிட்டது. கிரியாது என்றால் வளர்க்கப்பட்டவன். முன்னொரு காலத்தில் பெரிய வீடுகளிலே பிறருடைய பிள்ளைகளைக் கொண்டுவந்து வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்தவன், நான் இன்ன பிரபுவின் கிரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவான்."

"அப்ப வேலைக்காரன் எண்டு எப்பிடி வந்த?" என்று நான் கேட்டேன்.

"வளர்ந்த பிள்ளை அந்த வீட்டில் வேலை செய்யும் அல்லவா, அம்மா? பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, வேலை மட்டும் தெரிந்தது. பிறகு அந்த வீட்டில் வளராதவன் வேலைக்கு வந்தாலும் அதே பெயரைச் சொன்னார்கள்."

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், கோப்பை என்று எங்கள் வீடுகளில் இருக்கும் பாதிப் பொருட்களின் பெயர் அந்தப் பாஷையிலிருந்து வந்தவை என்றும் அவர் அன்றைக்குத்தான் சொன்னார். பொருட்களின் பெயரெல்லாம் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. மனிதருக்கான இந்தச் சொல் மட்டும் வேலி தாண்டும்போது பாதியை அந்தப் பக்கம் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவாமியார் ஓலையை எடுத்து மேசையில் வைத்தார். "சரி, என்ன எழுதட்டும்?"

ஓடாவியார் நோனாவைப் பார்த்தார். நோனாதான் வாயைத் திறந்தா. "மகள் எண்டு எழுதுங்க சாமி. என்ர கையால குளிப்பாட்டி, பேன் பாத்து வளத்தனான்."

அப்போது வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள்.

"வேலையும் வாங்கினீங்கதானே, மாய்," என்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வந்தது. "அதையும் நான் இல்ல எண்டு சொல்லமாட்டன். தங்கச்சிமார் பள்ளிக்கூடம் போன நேரம் நான் குசினியில நிண்டன். பெத்த பிள்ளையெண்டா நிக்க விட்டிருக்கமாட்டீங்க."

நோனா தலையைக் குனிந்துகொண்டா. ஓடாவியார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கேட்டதோ தெரியாது, ஆனால் அவருக்கு விளங்கியது. கண்ணிலிருந்து நீர் மீசைக்கு இறங்கியது. அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் மாறியது.

"ரெண்டும் உண்மை, சாமி. வளத்ததும் உண்மை, வேலைக்காரியா வச்சிரிந்ததும் உண்மை. மறுகா, அந்தச் சொல்லுக்கு ரெண்டும் அர்த்தம் எண்டு நீங்களும் சொல்லுறீங்க. ஆனா சனத்துக்கு முன்னால வாசிக்கக்குள்ள எது முதல்ல வந்ததோ அத வாசிங்க. எனக்கு அது போதும்."

சுவாமியார் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு எழுதியதை வெட்டினார். தமிழில் என்ன சொல் போடலாம் என்று என்னைக் கேட்டார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. "வளர்த்த மகள் எண்டு போடுங்க," என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அடுத்த ஞாயிறு நானும் கோயில் வாசலில் போய் நின்றேன். சைவக்காரி என்பதால் உள்ளே போகக் கூச்சம். உபதேசியார், "இந்த ஊர் ஓடாவியாரின் வளர்த்த மகள்" என்று வாசித்தபோது ஓடாவியார் எழும்பி நின்றார். அதற்கு எழும்பும் வழக்கம் கிடையாது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நோனா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தா.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் நான்கு பேருக்கு மேசையில் சோற்றுக் கோப்பை வைத்தார்கள். நான்காவது எனக்கு. மூன்றாவது கதிரையில் அக்கா இருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும், உப்புப் போதாது என்று எழும்பிக் குசினிக்குப் போனாள். பிறகு ஊறுகாய் எடுக்கப் போனாள். மூன்றாம் தரம் எழும்பியபோது நோனா பறங்கிப் பாஷையில் ஏதோ அதட்டினா. அக்காவும் அதே பாஷையில் திருப்பிக் கத்தினாள். ஓடாவியார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கலியாணத்துக்கு அவரே வயலின் வாசித்தார். காது கேட்காதவர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டேன். வயலினை நாடியில் அழுத்தி வைத்தால் எலும்புக்குள் கேட்கும் என்றார். பாண்காரருக்குப் பறங்கிக் கலியாண ஆட்டம் தெரியாது. அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு அடியாகச் சொல்லிச் சொல்லி ஆடவைத்தாள். அவர் அவளுடைய காலை மிதித்ததையும், அவள் சிரித்ததையும் இன்றைக்கும் காண்கிறேன்.

யுத்தம் தொடங்கிய வருடம் ஓடாவியார் காலமானார். கொழும்புப் பிள்ளைகள் வந்து, மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். நோனாவைத் தங்களோடு வரச்சொன்னார்கள். அவ மறுத்துவிட்டு அக்காவின் போறணை வளவுக்குப் போனா. என் கணவருக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தபோது பயணம் சொல்ல அங்கே போனேன். மாவுக்குப் பங்கீடு வந்திருந்த காலம். அக்கா முழங்கை வரைக்கும் மாவோடு நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன். நோனா ஒரு கதிரையில் இருந்து, மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தா. கூடவில்லை என்று அக்கா. கூடிற்று என்று அவ. இரண்டு பேரும் என்னை மறந்து சண்டை பிடித்தார்கள். பிறகு அக்கா ஓடிவந்து, முறுகிய பாண் இரண்டைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"பதுளையில குளிர் எண்டு சொல்லுறாங்க. சூட்டோட சாப்பிடு," என்றாள்.

பதுளை வரைக்கும் சூடு எங்கே நிற்கப்போகிறது? பாலம் வருவதற்குள் நானும் கணவரும் பிய்த்துத் தின்றுவிட்டோம்.